அப்பா சொல்லாத இரண்டு வரி

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை நீங்களாக எழுதமாட்டீர்கள், அதனால் கேட்கிறேன்: முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மல்யுத்தப் பெண்கள் எட்டுப் பேரையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறார்கள். போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள், கடிதம் மட்டும்தான். எங்கள் வாழ்க்கையைக் காட்டும் டிவி தொடர் என்பதால் தூங்குவதைக்கூட விடாமல் படம் பிடிக்கிறார்கள். எழுபது கிலோ ஆளைத் தலைக்கு மேல் தூக்கும் என் அறைத்தோழி ஊசியில் நூல் கோக்க முடியாமல் அரைமணி நேரம் திண்டாடினாள். அதுவும் படமாகிவிட்டது.

இயக்குநர் கேட்டார்: "உங்க வீட்ல பெரிய எதிர்ப்பு இருந்திருக்குமே?"

"அம்மா இல்ல சார். அப்பா பஸ் டிரைவர். முதல் நாள் பயிற்சிக்கு அவர்தான் கூட்டிட்டுப் போனார்" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. உங்களிடமும் வருவார்கள். அந்தக் கிழிந்த பனியனோடு நிற்காதீர்கள்.

உங்கள்,
வாலு

மார்ச் 11

என் வாலுவுக்கு,

முழங்கால் கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் முனகுகிறது. கவலைப்படாதே.

டிவிக்காரர்கள் வந்தார்கள். சட்டை போட்டிருந்தேன். நீ மல்யுத்தத்தில் சேர்ந்த பிறகு இரண்டு வருஷம் உன்னோடு பேசவில்லை, உன்னால் தலைகுனிந்தேன் என்று நான் சொல்ல வேண்டுமாம். "ரெண்டே வரி சார். கடைசியில கட்டிப்பிடிச்சு அழுதுட்டாப் போதும். பார்க்கிறவங்க ஓட்டு குவியும். உங்க பொண்ணு நேரா பட்டப் போட்டிக்குப் போயிடுவா" என்கிறார் இயக்குநர்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உனக்குப் பட்டம் கிடைக்குமென்றால் சொல்லிவிடுகிறேன், வாலு. ஊர் திட்டினால் திட்டட்டும். என் பஸ்ஸின் இரைச்சலில் எனக்கு என்ன கேட்கப்போகிறது?

அப்பா

மார்ச் 17

அப்பா,

படித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். இங்கே கேமரா இல்லாத இடம் அது ஒன்றுதான்.

நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தது ஒரே ஒரு மணி நேரம். சோபாவிலிருந்து குட்டிக்கரணம் அடித்து ஜன்னலை உடைத்தேனே, அன்றைக்கு. அப்போதும் "பசிக்குதா?" என்று நீங்கள்தான் முதலில் வந்தீர்கள்.

ரிங்குக்குள் யார் எப்போது விழுவது என்று பேசிவைத்துத்தான் ஆடுகிறோம். அதில் எனக்கு வெட்கமில்லை. விழுகிற அடி உண்மையான அடி. ஆனால் உங்களை வில்லனாக்கி வாங்குகிற பட்டப் பெல்ட்டை நான் எப்படிக் கட்டிக்கொள்வேன்? இயக்குநரிடமும் சொல்லிவிட்டேன். "அப்போ நீ பின்னாடிதான் நிக்கணும்" என்றார்.

நிற்கிறேன் அப்பா. நீங்கள் அந்த இரண்டு வரியைச் சொல்லக்கூடாது.

வாலு

மார்ச் 29

என் தங்கத்துக்கு,

மறுபடி வந்தார்கள். யூனிபார்மோடு உட்கார்ந்து சொன்னேன்: "சார், இவ விஷயத்துல நான் தலைகுனிஞ்சது அவ ஷூ லேஸைக் கட்டிவிடத்தான்." கேமராவை அணைத்துவிட்டார்கள்.

நேற்று டிப்போ ஓய்வறையில் எல்லோரும் சேர்ந்து தொடரைப் பார்த்தோம். நான் ஆறு நொடி வந்தேன், குரலே இல்லை. நீ ஓரமாகத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு போனாய். ஆனால் உங்கள் எட்டுப் பேரில் புதிதான ஒரு பெண் பயிற்சியில் தப்பாகக் குதித்தபோது, எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவள் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாயே! ஓய்வறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "யாருப்பா அந்தப் பொண்ணு?" என்று புதிதாக வந்த கண்டக்டர் கேட்டார். நான் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

கேமராவிடம் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். உன் முதல் போட்டியில் பாதியிலேயே எழுந்து வெளியே போனேன். வண்டியைப் பார்க்கப் போனதாகச் சொன்னது பொய். நீ அடி வாங்குவதைப் பார்க்கத் தெம்பில்லை. அதன்பிறகு ஒரு போட்டிக்கும் நான் உள்ளே வரவில்லை, வாசலோடு சரி. நீ ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ ஆடுவது பட்டப் போட்டி இல்லை, அதற்கு முந்தைய ஆட்டம்தான், தெரியும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "மகளின் மல்யுத்தம்" என்று எழுதினேன். மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

முதல் வரிசையில் இருப்பேன்.

அப்பா