வீட்டு எண் கேட்டு வந்தவர்கள்

கேட்டி, டெக்சஸ்
வியாழக்கிழமை

அன்பு மகன் ஜெரோமுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தோஹாவில் வெயில் எப்படி என்று கேட்க மாட்டேன்; இங்கேயும் அதே வெயில்தான். உன் அலுவலக பத்ரி நாளை அங்கே திரும்புகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் குரல் உடையும். அதை நீ கேட்பதில் எனக்கு விருப்பமில்லை.

உன் பிள்ளை சுபின் போன வாரம் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். காது இரண்டும் தனியாகத் தெரிகின்றன. வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை வாசல் மணி அடித்தது. ஜெபினா வேலையிலிருந்து வரவில்லை. சுபின் ஓட்டப் பயிற்சி முடிந்து வரவில்லை. திறந்தேன். ராணுவச் சீருடையில் ஒரு வாலிபர், கையில் கோப்பு. மேடம், சுபினைப் பார்க்கலாமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். அதன் பிறகு செருப்பு வைக்கும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சுபின் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "ஆச்சி, யூ லைட் டு எ சார்ஜன்ட்? பொய் சொன்னீங்களா?" என்று கேட்டான். முதலில் கோபம். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அவன் வாழ்நாளில் நான் பொய் சொல்லிப் பார்த்ததில்லை.

அப்புறம்தான் ஜெபினா விவரம் சொன்னாள். அவனுக்குப் பதினேழுதான் என்பதால் ராணுவத்தில் சேரப் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அவர் போட்டா நானும் போடுறேன் அத்தை. மாட்டேன்னா பதினெட்டுல அவனே போய்ச் சேர்ந்துடுவான். காலேஜ் செலவையும் அவங்களே பாத்துக்குவாங்க. இப்ப என்ன சண்டையா நடக்குது?" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. இப்படிச் சொல்லிவிட்டு, கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தாள் இந்நேரம் உன் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும்.

உன் தாத்தாவின் ஆராய்ச்சிக்காக நாங்கள் பெர்க்லியில் இருந்த இரண்டு வருடங்களைப் பற்றி உனக்கு வேடிக்கைகளை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். தூத்துக்குடி கான்வென்டில் ரிப்பன் கோணலாக இருந்தாலே வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள். அங்கிருந்து போய் இறங்கினால், அந்த ஊர்ப் பள்ளியில் முக்காடு போடாத ஒரு சிஸ்டர் பூசையில் கிதார் வாசிக்கிறார். என் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பெண்கள் செருப்பில்லாமல் புல்வெளியில் உட்கார்ந்து, வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கட்டக் கறுப்புத் துணி கிழித்தார்கள். நான் என் கறுப்புத் துணியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். அடுத்த வீட்டு கேத்தி அதைச் சொல்லிச் சொல்லிப் பள்ளி முழுவதையும் சிரிக்க வைத்தாள்.

கேத்தியின் அண்ணன் டேனியைப் பற்றி நான் சொன்னதில்லை. தோள்வரை முடி. சூரியகாந்திப் பூ வரைந்த ஒரு பழைய வேன். அதில்தான் எங்களைப் பள்ளியில் கொண்டுவிடுவான். அவன் பேசும் ஆங்கிலத்தை நான் திருத்துவேன். என்னைப் புரொபசர் என்று கூப்பிடுவான். நான் திருத்த வேண்டும் என்றே பிழையாகப் பேசினான் என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த டிசம்பரில் அவர்கள் வீட்டு டி.வி. முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து பிறந்த தேதிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வரும் தேதிக்காரர்கள் முதலில் ராணுவத்துக்குப் போக வேண்டும். டேனியின் தேதி சீக்கிரமே வந்துவிட்டது. அவன் அம்மா எழுந்துபோய் டி.வி.யின் சத்தத்தை மட்டும் குறைத்தாள். அவன் கிளம்பும்போது முடியை வெட்டியிருந்தார்கள். அந்த முடிக்குள் அவ்வளவு சின்னப் பையனின் காதுகள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

மறு வருடம் ஒரு நாள் பள்ளி விட்டு வந்து கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன். ஒரு கார் மெதுவாக, வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றது. உள்ளே சீருடையில் இரண்டு பேர். மிஸ் என்று கூப்பிட்டு, டேனியின் வீடு எது என்று கேட்டார்கள். கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, முழு வாக்கியமாகப் பதில் சொன்னேன். வாசல் மணி வேலை செய்யாது, பக்கவாட்டுக் கதவைத் தட்டுங்கள், அவன் அம்மா சமையலறையில் இருப்பார் என்றும் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்கள். சாவுச் செய்தியை அப்படி நேரில் வந்துதான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. கதவு திறந்த பிறகு கேட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த பையனுக்கும் அதே மரியாதை, அதே தணிந்த குரல். அவன்மேல் தப்பில்லை. ஆனால் நீ ஒன்றை யோசித்துப் பார். பகலில் ஜெபினா வேலையில் இருப்பாள். நீ தோஹாவில் இருப்பாய். இந்த வீட்டில் மணி அடித்தால் போய்த் திறக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். நேற்று கூரியர்க்காரன் வந்தான். அவன் அடித்த மணிக்கு நான் குளியலறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். சுபினிடம் இதைச் சொல்லாதே.

யாரிடமும் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. உன் அப்பா போன அன்றுகூட உன்னை வா என்று சொல்லவில்லை, நீயாக வந்தாய். இப்போது கேட்கிறேன். அந்தத் தாளில் பேனாவை வைக்காமல், ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. வந்து அவன் எதிரில் உட்கார். அவன் காதைப் பார்த்துக்கொண்டே பேசு. அப்புறமும் உனக்குச் சரி என்று பட்டால், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வரும்போது வாசல் மணியை அடிக்காதே. கராஜ் வழியாக வந்து, கதவுக்கு வெளியிலிருந்தே, "அம்மா, நான்தான்" என்று சொல். உன் குரலைக் கேட்ட பிறகு எழுந்து வருகிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். அவனையும்.

அம்மா
அமலி