மகாராணிக்கு இடக்கையால் நீட்டிய தட்டு

அன்புள்ள இஞ்சேருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லி ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் மனம் வரவில்லை. அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

வருகிற ஞாயிறு பின்னேரம் அந்த இங்கிலாந்து ராணிப் படத்தைத் திரும்பவும் டெலிவிஷனில் போடுகிறார்களாம். அந்த நாளில் எங்களோடு இருந்த சிவம் அண்ணை வந்து சொல்லிவிட்டுப் போனார். கேட்ட நேரம் தொடக்கம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன முறை அந்தப் படம் வந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

படம் எடுக்கிறவன் ஒருவன் ஆள் தேடி ஜெர்மனியில் நாங்கள் இருந்த அகதி விடுதிக்கு, அந்த ஹைமுக்கு, வந்தது நினைவிருக்குமே. நீங்கள் அறைக்குள் சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

"இந்தியாக்காரர் வேணுமாம். ராணிக்கு வேலைக்காரரா நிக்க."

"நாங்கள் இந்தியாக்காரரே?"

"ஒரு நாளைக்கு இருந்தால் என்ன, தேஞ்சா போவம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. படம் எடுக்கிற மாளிகை எல்லைக்கு அங்கால். பிடிபட்டால் அகதிக் கேஸ் அதோடு சரி என்றுதான் ஹைமில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பிள்ளைக்குக் குளிர்ச் சப்பாத்து இல்லை. நீங்களும் சிவம் அண்ணையும் அவர்களுடைய வான் வண்டியில் ஏறிப் போனீர்கள். நீங்கள் திரும்பி வருமட்டும் நான் யன்னலை விட்டு அசையவில்லை.

வந்து என்ன கதை சொன்னீர்கள்! தலைப்பா கட்ட அங்கே ஒருவருக்கும் தெரியாதாம். நீங்கள்தான் எல்லோருக்கும் எங்கள் கலியாணத் தலைப்பா கட்டிவிட்டீர்களாம். "அத்தனை பேரும் மாப்பிளையள்" என்று சிவம் அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அந்த ராணியைப் பற்றிச் சொன்னீர்கள். "அவ விதவையாம். சாகுமட்டும் கறுப்பு உடுப்புத்தானாம். செத்த புருசன்ரை உடுப்பை ஒவ்வொரு நாளும் எடுத்து வைப்பிப்பாவாம். சுவர் முழுக்க அவற்ரை படமாம்." விசர் மனிசி என்றேன் நான்.

தட்டின் கதை கடைசியில்தான் வந்தது. தேநீர்க் கோப்பை வைத்த தட்டை ராணியிடம் நீட்ட வேண்டும். நீங்கள் வலக்கையால் நீட்டியிருக்கிறீர்கள். அப்படி நீட்டினால் முதுகுதான் கமெராவில் விழுகிறது, இடக்கையால் நீட்டு என்று கத்தினார்களாம்.

"நீட்டினியளே?"

"என்ன செய்யிறது, நீட்டினன். நடிப்பெண்டாலும் வயசுபோன ஒரு பொம்பிளைக்கு இடக்கையாலை குடுக்கக் கூசிப்போச்சு."

இரண்டு விதமாகவும் எடுத்தார்கள், எதைப் போடுவார்களோ தெரியாது என்றீர்கள். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று நான் சப்பாத்தைப் பிள்ளையின் காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாரியில் நெஞ்சு நோகுது என்று இருந்த நீங்கள் பிறகு எழும்பவேயில்லை. எங்கள் வதனி அப்போது பேச்சுப் பழகுகிற பிள்ளை. எங்கள் கலியாண அல்பம் கொழும்பில் வீட்டோடு எரிந்தது. ஊருக்கு எழுதிக் கேட்டேன், மாமியிடமும் ஒரு படம் மிஞ்சவில்லை. உங்கள் முகம் ஒட்டியிருந்த அடையாள அட்டையை அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முப்பத்தோராம் நாள் படமில்லாமல்தான் விளக்கு வைத்தோம். உங்கள் சேட்டு ஒன்றை எடுத்து மடித்து வைப்பதும், திரும்ப விரித்து மடிப்பதுமாக இருந்தேன். அந்த ராணியையா விசர் என்றேன்? அவவுக்குச் சுவர் முழுக்கப் படம் இருந்தது.

அப்படியிருக்கத்தான் அந்த ராணிப் படம் டெலிவிஷனில் வரப்போகிறது என்று தெரிந்தது. உங்கள் கேஸ் அப்போது என் பெயரில் முடிவில்லாமல் கிடந்தது. சிவம் அண்ணையின் கேஸும் அப்படித்தான். ஹைமில் டெலிவிஷன் ஒன்றுதான். ஹைமைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டரும் அங்கேதான் வந்து இருப்பார்.

"பிள்ளையைக் கொண்டு வராதை, தங்கச்சி. அப்பாவைக் கண்டு இவங்கடை பாசையிலை ‘பாப்பா’ எண்டு கத்தினாளோ, ரெண்டு கேசும் போச்சு."

"அவளுக்குச் சொல்லமாட்டன், அண்ணை."

"சொல்லாமல் காட்டி என்ன பிரயோசனம்?"

"கண்ணிலையாவது படட்டும்."

வலக்கையாலை குடு, வலக்கையாலை குடு என்று வதனியின் கையில் தட்டித் தட்டி வளர்த்தவள் நான். அன்றைக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டு, கடவுளே, இடக்கையாய் இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

பொடியள் பந்தடி பார்க்க வேண்டுமென்று முணுமுணுத்தார்கள். ஹவுஸ்மைஸ்டர் விடவில்லை. அவருக்கு ராணிப் படமென்றால் உயிர். பியர்ப் போத்தலோடு முன்னுக்கு இருந்தார். ராணி கறுப்பு உடுப்போடு வந்தா, அழுதா, புருசனின் படங்களுக்கு நடுவில் நடந்தா. பிறகு ஒரு பெரிய கதவு திறந்தது. கலியாணத் தலைப்பாவோடு வரிசையாய் ஆட்கள்.

ஹவுஸ்மைஸ்டர் திரும்பி எங்களைப் பார்த்தார். "பாருங்கோ, உங்கடை ஆக்கள்!" என்று ஜெர்மனில் சொல்லிக் கையை நீட்டினார்.

"நைன், நைன்" என்று மறுத்தார் சிவம் அண்ணை. "அவை இந்தியாக்காரர். நாங்கள் சிலோன்."

ஹவுஸ்மைஸ்டர் சிரித்துக்கொண்டு திரும்பவும் படத்தைப் பார்த்தார். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

முகம் முழுதாய்த் தெரிந்தது. தட்டு இடக்கையில். ஒருவரும் சொல்லித்தராமல் வலக்கையை இடது முழங்கைக்குக் கீழே தாங்கக் கொடுத்திருந்தீர்கள். குறை நினைக்காதேங்கோ என்று சொல்கிற அந்த முகம். கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று எனக்குச் சொல்லும்போது வருமே, அதே முகம்.

வதனி விரலை நீட்டினாள். "அம்மா, அந்த மாமா இடக்கையாலை குடுக்கிறார்! கூடாது, என்ன?"

பிள்ளை என்ன சொல்லுது என்று ஹவுஸ்மைஸ்டர் கேட்டார். ராணி வடிவாம் என்று சிவம் அண்ணைதான் சொல்லிச் சமாளித்தார். நான் திரும்பிப் பார்க்க நீங்கள் இல்லை. ராணி தேநீர் குடித்துக்கொண்டிருந்தா.

"கூடாதுதான், பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல? பெற்ற பிள்ளை உங்களை மாமா என்றாள். நான் ஓம் என்றேன்.

இப்போது இங்கேயே இருக்கலாம் என்று பேப்பர் வந்துவிட்டது, இஞ்சேருங்கோ. சிவம் அண்ணைக்கும் வந்துவிட்டது. கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இரண்டு அறை வீடு, கதவுக்குத் திறப்பு என் கையில். வதனி பள்ளிக்கூடம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை சிவம் அண்ணை வீடியோ டெக் கொண்டுவந்து படத்தைப் பதிந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். போன முறை மாதிரியே அந்த இடத்தைப் போடுவார்களா? வெட்டியிருந்தால்? சொன்ன பிறகும் அவள் நம்பாவிட்டால்?

எப்படியென்றாலும் கதவு திறந்து தலைப்பாக்காரர் வருவதற்கு முன்னமே சொல்லிவிடுவேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சத்தமாய்ச் சொல்லுவேன். அவர் மாமா இல்லையடி, உன்ரை அப்பா. இடக்கையைப் பார்க்காதை. வலக்கையை எங்கை வைச்சிருக்கிறார் எண்டு பார்.

நீங்கள் ‘இஞ்சேரும்’ என்று கூப்பிட, ஓம் என்று வந்து நின்ற
உங்கள் மனைவி