அட்டைப்பெட்டி ஆஸ்பத்திரி

குவைத்
3.7.2025

அன்புத் தோழி இசக்கிசெல்விக்கு,

ஜாஹிரா எழுதுகிறேன். நலமா? இங்கே வெயில் கொளுத்துகிறது. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் அடிக்கிறதாமே, கொடுத்துவைத்தவள் நீ.

உன்மேல் ஒரு கோபம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த உரிமையில் கேட்கிறேன். என் மிஸ்ரியாவுக்கு நாலு வயது முடிந்தும் ‘அ’ எழுத வரவில்லை. உன் வகுப்பில் பகலெல்லாம் அட்டைப்பெட்டியை வைத்து ஆஸ்பத்திரி விளையாட்டு என்று அவள் வாப்பா சொல்கிறார். நான் இங்கே நிஜ ஆஸ்பத்திரியில் நர்ஸாகக் கால்கடுக்க நிற்பது அவள் படிப்புக்காகத்தானே? அடுத்த மாதம் வேறு பள்ளியில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. வீடியோ காலில் என் முகத்தைக் கண்டதும் எழுந்து ஓடிவிடுகிறாள். என்னை மறந்துவிட்டாளா, செல்வி?

வருத்தத்துடன்,
ஜாஹிரா பீவி

தென்காசி
20.7.2025

என் ஜாஹிராவுக்கு,

போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் மாதம் உன் மகள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் அட்டைப்பெட்டியைக் கட்டிலாக்கிப் பொம்மையைப் படுக்கவைத்தாள். என் வெள்ளைக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு நர்ஸ் ஆனாள். அன்றுதான் பேசினாள். நேற்று பொம்மைக்கு ஊசி போட்டபடி அவள் சொன்னதைக் கேள்:

“அழக்கூடாது பிள்ள. நீ அழுதா உம்மாவுக்கு அங்கன வேலை ஓடாது. அழுகை வந்தா எந்திச்சு ஓடிரு. போனை வெச்சதும் வந்து அழுதுக்கிடலாம்.”

பக்கத்தில் நின்ற புவனேஷ், “ஒங்க உம்மா எப்ப வருவாங்க?” என்றான்.

“டூட்டி முடிஞ்சதும் வந்துருவாங்கலே.”

சாயங்காலம் அவளைக் கூப்பிட வந்த உன் வீட்டுக்காரர் கபீர் அண்ணாச்சியிடம் கேட்டேன். “நாந்தாம்மா சொன்னேன். பிள்ள அழுதா அவ அங்கன ஒடைஞ்சு போயிருவா” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஏட்டி, அவள் உன்னை மறக்கவில்லை. நேரே கேட்டால் சொல்லத் தெரியாததை விளையாடிச் சொல்கிறாள். ‘அ’னா எழுத நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். அந்தப் பெட்டியை மட்டும் அவளிடமிருந்து பிடுங்கிவிடாதே.

உன்,
செல்வி

குவைத்
6.8.2025

செல்வி,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி லாக்கர் அறையில் நின்றபடி படித்தேன். அன்றைக்கே போன் போட்டு, “தங்கம், அழுகை வந்தா அழு. உம்மாவும் அழுதேன்” என்றேன். அவள் ஓடவில்லை. இரண்டு பேரும் அழுதோம். அவள் வாப்பாதான் எழுந்து ஓடிவிட்டார். அப்புறம் அரை மணி நேரம் விடாமல் பேசினாள்.

பள்ளியை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செப்டம்பர் பன்னிரண்டிலிருந்து ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. நேரே உன் வகுப்புக்குத்தான் வருவேன். உடம்புக்கு முடியாத ஒரு பொம்பளை வருகிறாள் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவை. கோபித்துக்கொண்டதை மனதில் வைக்காதே.

அன்புடன்,
ஜாஹிரா

தென்காசி
22.8.2025

ஜாஹிரா,

சொன்னேன். நர்ஸம்மா இடுப்பில் கைவைத்து யோசித்தாள். “யாரா இருந்தாலும் டோக்கன் எடுக்கணும் டீச்சர்” என்றாள். பிறகு என் பேனாவை வாங்கிப்போய் அவளே ஒரு டோக்கன் எழுதிக்கொண்டு வந்தாள். நான் எழுதச் சொல்லவில்லை. இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாகக் கொண்டு வா.

கோடு கொஞ்சம் கோணல்தான், ஆனால் எண் ஒன்று. அது வரிசையில் முதலில் நின்ற புவனேஷுடைய எண். அவனைப் பின்னால் போகச் சொல்லிவிட்டாள்.

செல்வி