டாங்கி மூடியில் சந்தனம்

மிட்சம், லண்டன்

அன்புள்ள யசோதினி,

நீயும் மாமியும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. இருந்தால் உன் அண்ணை சொல்லியிருப்பார்.

அவரிடம்தானே எனக்கு வேலை. அவருடைய பழைய பிக்கப் வண்டி நடுவீதியில் அடிக்கடி நின்றது. "நீ ஏறினாத்தான் மச்சான் நிக்குது. இன்னொருக்கா நிண்டா வேற வேலை பார்," என்றார். பம்பிலும் பில்டரிலும் பழுதில்லை. டீசல் டாங்கி மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, வண்டி ஓடியது. மூடியின் காற்றுத் துளையை நீ அனுப்பிய சந்தனம் அடைத்திருந்தது. வெள்ளிதோறும் அம்மனைக் கும்பிட்டு மூடியில் அவர்தான் பூசுவார்.

சுரண்டிக் காட்டினேன்.

"ஓம், அம்மன்தான் காட்டித் தந்தவ," என்று கும்பிட்டு, அதே இடத்தில் இன்னும் தடிப்பாகப் பூசினார். இப்போது அவர் பார்க்காத நேரம் சுரண்டித்தான் வேலையைக் காப்பாற்றுகிறேன். பெயர் அம்மனுக்கு.

அடுத்த பொதியில் சந்தனம் வேண்டாம், மிளகாய்த்தூள் போதும். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை, கட்டாயம் போன் எடு. அன்று என்னைத் திட்டவும் ஆளில்லை.

அண்ணை ஹோர்ன் அடிக்கிறார்.

நிரூபன்