இரண்டு தட்டு

குட்டிம்மா,

நீ அயர்ந்து தூங்குகிறாய். எழுப்ப மனம் வராமல் வேலைக்குக் கிளம்புகிறேன். குழைய வடித்த சோறு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடு.

குடலில் இருக்கிற கெட்ட கிருமியைக் கொல்லும் இந்த மாத்திரையால் சில நாள் வயிறு இப்படித்தான் ஆட்டம் போடும், பிறகு அடங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். இன்று நான்காம் நாள். பாதியில் நிறுத்திவிடாதே. காய்ச்சலோ ரத்தமோ கண்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவருக்குப் போன் செய்.

நேற்று நான் குளியலறைத் தாழ்ப்பாளை உடைத்ததும், "உனக்குப் பைத்தியமாம்மா? வயித்து வலிக்காரிய நிம்மதியா உட்காரக்கூட விடமாட்டியா?" என்று கத்தினாய். கத்தியது சரிதான். சுவரில் இரண்டு தட்டினால் நன்றாக இருக்கிறேன், மூன்று தட்டினால் ஓடி வா என்பது அப்பா படுத்த காலத்திலிருந்து நம் வீட்டுக் கணக்கு. நீ இரண்டுதான் தட்டினாய்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. கடைசி நாளில் அப்பா மூன்று தட்டினார். தையல் மெஷின் சத்தத்தில் எனக்கு இரண்டாகக் கேட்டது. அன்றிலிருந்து யார் இரண்டு தட்டினாலும் எனக்கு மூன்றாகவே கேட்கிறது.

தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கயிறு கட்டியிருக்கிறேன். வாசற்கதவின் இன்னொரு சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம் இருக்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். செருப்பை மாட்டும்போது குளியலறைச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன், உள்ளே யாருமில்லை. நீ கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

இரண்டு தட்டுதான், குட்டிம்மா. இந்த முறை நன்றாக எண்ணினேன். அதனால்தான் தைரியமாகக் கிளம்புகிறேன்.

அம்மா