அறுபத்து மூன்று ஜன்னல்கள்

மார்ச் 9, ஞாயிறு

மாங்காய் சீசன். ஆனால் எங்கள் கூடத்துப் பெட்டிகளில் இருப்பது மாங்காய் அல்ல, ஒன்றில் ஒன்று பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகள். நானும் மாங்காய் வியாபாரியான என் வீட்டுக்காரரும் காய் தரம் பிரிப்பதுபோல நிறம் பிரித்துப் போடுகிறோம். மகன் கோபிநாத் வாங்கி வருகிறான். அடுக்குவது மருமகள் தமிழ்ப்ரியா. அவள் அம்மா வேலை பார்த்த பீர்மேட்டுத் தேயிலை ஃபேக்டரி மூன்று மாடியாக எழும்பி நிற்கிறது. வரைபடமே இல்லை.

"எத்தனை ஜன்னல்னு எப்படித் தெரியும் கண்ணு?"

"சின்னப் பிள்ளையில அம்மா வெளிய வர்றவரைக்கும் எண்ணிக்கிட்டே நிப்பேன் அத்தை. அறுபத்து மூணு."

முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எண்ணிச் சரிபார்த்தேன்.

மார்ச் 16

பத்திரிகையிலிருந்து ஜோபி என்பவர் வந்து போட்டோ எடுத்தார்.

மார்ச் 18

அரைப்பக்கம் வந்திருக்கிறது. படத்தில் அவர், கோபி, நான். கட்டியது கோபிநாத் என்று போட்டிருக்கிறது. அன்று படம் எடுத்தபோது தமிழ்ப்ரியா டீ போட உள்ளே போயிருந்தாள். யார் கட்டியது என்று ஜோபி கேட்டதும் "எங்க பையன்தானுங்க" என்றது — நான்தான். ஏன் அப்படிச் சொன்னேன்? வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டது மாதிரி.

"நல்லா வந்திருக்கு அத்தை" என்று பேப்பரை மடித்து வைத்தாள்.

மார்ச் 21

மூன்று நாளாகக் கட்டையைத் தொடவில்லை அவள்.

மார்ச் 24

நாளை பாலக்காட்டில் டிவிக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். அவர் மாங்காய்ப் பெட்டிகளில் வைக்கோல் பரப்பி, ஃபேக்டரியை மாடி மாடியாக உள்ளே இறக்கிவிட்டார். தமிழ்ப்ரியா ஏதோ சொல்ல வந்தாள்.

"டெல்லிக்கே மாங்கா அனுப்பறவன் அம்முணி நானு. பாலக்காட்டுக்கு அனுப்ப மாட்டனா?"

அவள் நகர்ந்துவிட்டாள்.

மார்ச் 25

பாலக்காட்டில் பெட்டியைத் திறந்தால் ஃபேக்டரி இல்லை. வைக்கோலும் உதிர்ந்த கட்டைகளும். கோபி இரண்டைப் பொருத்தினான், கழன்றது. வேர்த்துக் கொட்டியது அவனுக்கு. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துவிட்டேன்.

"பத்திரிகைக்கு நான் தப்பாச் சொல்லிட்டனுங்க. கட்டினது எம் மருமக."

"ஆமாங்க, நான் வாங்கித்தான் குடுத்தேன்" என்றான் கோபி, தப்பித்தவன்போல.

தமிழ்ப்ரியா என்னையே பார்த்தாள். பிறகு தலைப்பைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "மாமா, வைக்கோலை ஊதிட்டுக் கட்டையை எடுத்துக் குடுங்க."

முன்சுவர் மட்டும் போதும் என்றார்கள் டிவிக்காரர்கள். அவளுக்குக் காதில் விழவே இல்லை. காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் நிமிர்ந்தாள். மூன்று மாடி! விரல்களுக்கே கண் இருந்தது. நான் பார்த்தேன், இந்தக் கண்ணால் பார்த்தேன். காமிராக்காரர் ஜோஜோ காமிராவை விட்டுவிட்டு ஜன்னல்களை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். அறுபத்து மூன்றேதான்.

ஏப்ரல் 6

ஜோபி மறுபடி வந்தார். தமிழ்ப்ரியாவிடம் கேள்வி மேல் கேள்வி.

"சக்கரை எங்க அம்முணி?" என்று சமையலறையிலிருந்து அவர் குரல். அவள் எழப் பார்த்தாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அவர் போட்ட முதல் டீ. வாயில் வைக்க முடியவில்லை. எல்லோரும் குடித்தோம்.