கஷாயத்தை நிறுத்திவிட்டோம்

போசோவ், சீனா,
முதல் பனி விழுந்த மறுநாள்

என் கண்ணு யாவ்லிங்,

டொராண்டோவில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், இங்கே நாங்கள் நலம் என்று ஒரே மூச்சில் எழுத என்னால் முடியவில்லை. போனில் பேசினால் உன் அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

அவளுக்கு மார்பில் கட்டியை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இனி அது வேறு எங்கும் பரவக் கூடாது, எங்கள் கவலை அது ஒன்றுதான். அதற்குத்தான் ஆஸ்பத்திரி மாத்திரையும், கூடவே வைத்தியர் கோங் எழுதிக் கொடுத்த கஷாயமும். மரத்தை வெட்டியாச்சு, வேர் ஓடாம மூலிகை காவல் நிக்கும்னு நம்புறேன், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன் என்றார் அவர். உன் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் இந்தச் சாற்றை விட்டால் புற்று அணுக்கள் நகராமல் நிற்கின்றன, மனுஷ உடம்புல என்ன செய்யும்னு யாருக்கும் சரியாத் தெரியாதுப்பா என்று நீ சொன்னாய். உங்கம்மா தட்டுல இல்லடி, கட்டில்ல கிடக்கா என்று நான் கத்தினேன். லாரி ஓட்டி ஓய்ந்த கைக்கு வேறு என்ன வேலை, காலையும் மாலையும் அடுப்படியில் நின்று காய்ச்சினேன். எருமை மூத்திரமே இதுக்குத் தேவலை என்பாள் அம்மா, ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாள். சக்கையை நம் வழக்கப்படி நடுத்தெருவில் கொட்டினேன், நாலு பேர் மிதித்தால் நோய் வீட்டை விட்டுப் போகுமே என்றுதான். அவள் விளக்குமாற்றோடு போய் அத்தனையையும் அள்ளி வந்துவிட்டாள். யோவ் கிழவா, எதிர்வீட்டு மருமக வயித்துப் புள்ளையோட நடக்குறா, என் சனியனை அவ காலுல ஏத்திவிடுவியா என்று தெருவே கேட்க ஏசினாள். உன் அத்தை வேறு ஆட்டுக்கறி ஆகாது, சேவல் ஆகாது, இறால் ஆகாது, எல்லாம் கட்டியைக் கிளப்பிவிடும் என்று பத்தியம் வைத்துவிட்டாள், அம்மா பாதி உடம்பாகிவிட்டாள்.

போன வாரம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பெரியவரே, ரெண்டுல ஒண்ணு, நோய் ஈரலுக்குப் பரவியிருக்கலாம், இல்ல உங்க கஷாயம் ஈரலைக் கெடுத்திருக்கலாம், ஸ்கேன்ல எதுவும் தெளிவா தெரியல, கஷாயத்தை அடியோட நிறுத்துங்க, ஒரு மாசம் கழிச்சு ரத்தம் சரியாச்சுன்னா கஷாயந்தான்னு வச்சுக்கலாம் என்றாள். கோங் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன், அவரோ என் பேரு கெட்டாலும் பரவாயில்லை, இன்னைக்கே நிறுத்துங்க என்றுவிட்டார்.

அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன், கஷாயம் ஈரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும். அவளுக்கு ஒரே குஷி. நான் அப்பவே சொல்லல, புருஷன் கையால விஷம் குடிச்சும் சாகாதவ நான் ஒருத்திதான் என்று சிரித்தாள். அன்றைக்கே ஆட்டுக்கறி சூப் வாங்கி வரச் சொல்லி, அத்தை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்ள, அவள் கண்ணெதிரே கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். இந்தக் கிழவன்தான் என் ஈரலைக் காய்ச்சி எடுத்துட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

அலுத்துவிட்டதடி மகளே. பயமாகவும் இருக்கிறது. அவளைக் காப்பாற்றும் என்று நம்பித்தான் அத்தனை நாளும் காய்ச்சினேன். இப்போது நான் காய்ச்சியதுதான் அவளைக் கெடுத்தது என்று வர வேண்டும் என்று முன்னோர் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறேன். இந்தப் பழி மட்டும் என் தலையில் விழுந்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

நீ கவலையில் பட்டினி கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. தீர்க்காயுசாய் இரு. ஒன்று மட்டும் மறக்காதே. அம்மா போனில் என்னைக் குறை சொன்னால் எனக்காகப் பரிந்து பேசிவிடாதே, அவளோடு சேர்ந்து நீயும் என்னை நன்றாகத் திட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஃபூ சாங்கெங்